பல் கூச்சம் எத்தனை வினாடி?

மார்கழி, தை மாதங்களில் வன்னியில் விடியப்புறம் ஐந்து மணிக்குத் தாங்கித் தண்ணியில் வாய் கொப்பளித்துப் பார்க்க வேண்டும். கிணற்றுத் தண்ணி அந்த நேரம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். இரவு முழுக்கப் பனியில் நின்ற பிளாஸ்ரிக் தாங்கியின் தண்ணிதான் பல்லைப் பிடித்து உலுக்கும். சிலருக்கு அது ஒன்றும் செய்யாது. சிலர் ஒரு பக்கக் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். அதே ஆட்கள்தான் சித்திரை வெயிலில் கூல்பாரில் இருந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, குளிர்ச்சோடாவை மற்றப் பக்கத்தால் இறக்குவார்கள். கேட்டால், "அது கன காலமாக் கூசுறதுதான்" என்று பதில் வரும்.

எங்கள் பக்கத்தில் பல்வலியில் இரண்டே வகை: பொறுக்கக்கூடியது, புடுங்க வேண்டியது. கூச்சம் முதலாவதற்குள் போய்விடுகிறது. ஒரு பக்கத்தால் மட்டும் சப்பி வருடக்கணக்கை ஓட்டி, மற்றப் பக்கமும் பழுதான பிறகு பல் கிளினிக் வாங்கில் போய் இருந்து "டொக்டர், இதைப் புடுங்கி விடுங்கோ" என்று கேட்கிறோம். அப்படிக் கொடுத்துவிட்ட பற்களுக்குள் ஒரு சின்ன அடைப்போடு இன்னும் இருபது வருடம் நின்றிருக்கக் கூடியவையும் உண்டு.

பற்பசை வாங்க முதல், கராம்பெண்ணெய் தேட முதல், செய்ய வேண்டியது ஒன்றுதான். கூசினால் வினாடியை எண்ணுங்கள்.

குளிர் பட்டதும் சுரீரென்று குத்தி, குளிர் விலகியதும் இரண்டு மூன்று வினாடியில் அடங்கிவிட்டால் உள்ளே நரம்பு நலமாக இருக்கிறது. மேல் போர்வைதான் எங்கோ விலகியிருக்கிறது. அரை நிமிடம் கடந்தும் இழுத்துக்கொண்டே நின்றால், ஒன்றும் படாமல் தானாக வந்தால், இரவில் படுத்ததும் கூடினால், நரம்பு வீங்கத் தொடங்கிவிட்டது. சுடுதேத்தண்ணி பட்டு வலித்து, குளிர்ந்த தண்ணியை வாயில் பிடித்தால் ஆறுகிற பல், நரம்பு செத்துக்கொண்டிருக்கிற பல். கடிக்கும்போது பேசாமல் இருந்து, கடித்ததை விடும்போது மின்னல் மாதிரி வெட்டினால் பல்லில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாலுக்கும் ஒரே பெயர் சொல்கிறோம், ஆனால் வைத்தியம் வேறு வேறு. கூச்சத்துக்கென்று விற்கிற பற்பசை முதலாவதற்கு மட்டுந்தான் உதவும். (தடிமன் பிடித்திருக்கும்போது மேல்கொடுப்புப் பற்கள் நாலைந்து சேர்ந்து நோகுதா, குனிந்தால் கூடுதா? அது பல்லே இல்லை. கன்ன எலும்புக்குள் இருக்கிற காற்றறையில் சளி.)

பல்லின் மேலே தெரிகிற வெள்ளை ஓடு எனாமல். பள்ளிக்கூடப் புத்தகத்தில் மிளிரி என்று படித்தது. உடம்பிலேயே கடினமான பொருள் அது. அதற்குள் உணர்ச்சி இல்லை. அதற்கு அடியில் இருக்கிற டென்டின்தான் மஞ்சள் நிறத்தில், எலும்பு மாதிரி, கண்ணுக்குத் தெரியாத குழாய்களால் ஆனது. ஒவ்வொரு குழாயும் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு அகலந்தான். ஒரு சதுர மில்லிமீற்றருக்குள் பத்தாயிரக்கணக்கில் அவை அடைந்து கிடக்கும். குழாய்க்குள் நீர், குழாயின் உள்வாயில் நரம்பு. வெளிவாய் திறந்திருந்தால் குளிர், காற்று, இனிப்பு, புளிப்பு, பிரஸ் மயிர் என்று எது பட்டாலும் உள்ளே அந்த நீர் அசைகிறது. அசைவைத்தான் நரம்பு வலி என்று எடுக்கிறது. சுவீடனைச் சேர்ந்த மார்ட்டின் பிரென்ஸ்ட்ரோம் 1960களில் பரிசோதனைகளோடு நிறுவிய விளக்கம் இது. குளிர் நரம்பை நேரே தொடாமலே ஏன் வினாடியில் குத்துகிறது என்பதற்கு பரவலாக ஏற்கப்பட்டிருக்கிற விளக்கம் இதுதான்.

எனாமல் கடிக்கிற முனைகளில் இரண்டரை மில்லிமீற்றர் வரை தடிப்பாக இருக்கும். கீழே இறங்க இறங்க மெலிந்து, முரசு ஓரத்தில் ஒன்றுமில்லாமல் முடியும். முரசு என்றால் ஈறு. இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறோம். முரசுக்குக் கீழே வேரை மூடியிருப்பது எனாமல் இல்லை, சிமென்றம் என்ற மெல்லிய பூச்சு. முரசு ஒரு மில்லிமீற்றர் இறங்கினாலும் அந்தப் பூச்சு வெளியே வந்து, பிரஸ் பட்டே சீக்கிரம் கழன்றுவிடும். கூச்சத்தின் வாசல் பெரும்பாலும் அந்தக் கழுத்துப் பகுதிதான்.

எந்தப் பல் என்று வீட்டிலேயே பிடிக்கலாம். கண்ணாடிக்கு முன் நின்று, கைபேசி வெளிச்சத்தில், தேக்கரண்டிப் பிடியால் கன்னத்தை விலக்குங்கள். வேட்டைப்பல்லையும் அதற்குப் பின்னால் வருகிற இரண்டு பற்களையும் பாருங்கள். முரசு ஓரத்தில் பல் மஞ்சளாகத் தெரிந்தால், நகத்தை மேலிருந்து கீழே மெல்ல இழுத்துப் பாருங்கள். கோடாலியால் மரத்தில் ஒரு கொத்துப் போட்ட மாதிரி நகம் ஓரிடத்தில் சிக்கினால் அது தேய்மானக் குழி. பிறகு காது துடைக்கிற பஞ்சுக்குச்சி ஒன்றை ஐஸ் தண்ணியில் தோய்த்து, முதலில் நல்ல பல் ஒன்றின் கழுத்தில் வைத்து அதன் உணர்ச்சியைத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு சந்தேகமான பல், அதன் அயல் பற்கள், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஒரு நிமிடம் விட்டு. ஒவ்வொன்றிலும் எத்தனை வினாடி நிற்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். ஒரு பல் மட்டும் கூசினால் சூத்தை, வெடிப்பு, கசிகிற பழைய அடைப்பு ஆகியவற்றின் பக்கம் யோசிக்க வேண்டும். பல பற்கள் ஒரே மாதிரிக் கூசினால் பழக்கத்தின் பக்கம்.

பழக்கத்தில் முதலாவது, பல் விளக்குகிற விதம். பல்லை நன்றாகக் கவனிக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கோளாறு கூட வரும் என்பது கொஞ்சம் அநியாயமாகத்தான் தெரியும். கடினமான பிரஸ், கிடையாக வாள் அரிகிற மாதிரி இழுவை, அதுவும் வலக்கைக்காரருக்கு இடப்பக்கப் பற்களில் கூடுதல் அழுத்தம். அதனால்தான் வலக்கைக்காரரின் இடப்பக்க வேட்டைப்பல் அடிக்கடி முதலில் கூசுகிறது. பிரஸ் மயிர் மூன்று வாரத்தில் வெளிப்பக்கம் விரிந்து படுத்துவிட்டால் கை பலம் அதிகம் என்று அர்த்தம். சாதாரணமாக அது மூன்று மாதம் நிற்க வேண்டும். எவ்வளவு அழுத்தம் போதும் என்று அறிய, சமையலறை இலக்கத் தராசில் பிரஸ்ஸை வைத்து அழுத்திப் பாருங்கள். 150 கிராம் காட்டினால் போதும். வழக்கமாக அழுத்துகிற மாதிரி அழுத்தினால் பலருக்கு அது மூன்று மடங்கில் போய் நிற்கும்.

மென்மையான பிரஸ்ஸைப் பென்சில் பிடிக்கிற மாதிரி விரல்களால் பிடித்தால் கை தானாக மெதுவாகும். மயிர் முரசையும் பல்லையும் ஒன்றாகத் தொட, 45 பாகை சரித்து, அந்த இடத்திலேயே சின்னச் சின்னதாய் அசைத்து, பிறகு முரசிலிருந்து பல் முனைப் பக்கம் உருட்டி எடுக்க வேண்டும். இரண்டு நிமிடம், நாளுக்கு இரண்டு தரம். உமிக்கரி, செங்கல் தூள், உப்பு, சாம்பல் எல்லாம் கல்மண் வகையறா. விரலால் தீட்டினாலும் கழுத்துப் பகுதியைத் தின்னும். வேப்பங்குச்சியில் பிழை இல்லை, நுனியைத் தும்பாகும் வரை நன்றாகச் சப்பி, மேல்கீழாகத் தேய்த்தால். பாதி சப்பிய குச்சியைக் கிடையாக இழுத்தால் அது குச்சி இல்லை, அரம்.

இரண்டாவது புளிப்பு. புளிப்பை அளக்கிற எண் பிஎச்; எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும். எனாமல் பிஎச் 5.5 அளவிலே கரையத் தொடங்கும். வேர்ப்பக்கத்து டென்டின் இன்னும் இளகியது, 6ஐத் தாண்டிய அளவிலேயே கரையும். தேசிக்காய்ச் சாறு 2 முதல் 2.5 வரை, கோலாச் சோடா 2.5 அளவு. வயலில் வெட்டுக்கு நிற்கிறவர் காலையிலிருந்து தேசிக்காய்த் தண்ணியை ஒவ்வொரு மிடறாக மதியம் வரை குடிக்கிறார். வெயிலில் வியர்த்து உமிழ்நீர் காய்ந்து போயிருக்கும் நேரம். கரைந்த உப்புகளைத் திரும்பப் பல்லில் படிய வைப்பது உமிழ்நீர்தான். அது வற்றினால் பல்லுக்குக் காவல் இல்லை. ஒரு கோப்பையை ஒரே மூச்சில் குடித்து, வெறும் தண்ணியால் கொப்பளித்தால் சேதம் கொஞ்சம். அதே கோப்பையை மூன்று மணித்தியாலம் வைத்துக் குடித்தால் மூன்று மணித்தியாலமும் பல் ஊறுகிறது. எவ்வளவு குடித்தோம் என்பதைவிட எவ்வளவு நேரம் குடித்தோம் என்பதே கணக்கு. உப்புத்தூள் போட்ட புளிமாங்காயை வாய்க்குள் வைத்துச் சூப்புவதும் அப்படித்தான். சோறு, குழம்பில் கலந்த பழப்புளிக்குப் பயப்படத் தேவையில்லை. தயிரும் மோரும் புளித்தாலும் அவற்றில் கல்சியம் இருப்பதால் பல்லைக் கரைப்பது அரிது.

புளிப்புக் குடித்த கையோடு பல் விளக்குவதுதான் பெரிய பிழை. அந்த நேரம் எனாமலின் மேற்பரப்பு இளகி நிற்கும்; பிரஸ் அதை அப்படியே வழித்துக்கொண்டு போகும். தண்ணியால் கொப்பளித்துவிட்டு அரை மணித்தியாலமாவது பொறுக்க வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் காலையில் சத்தி எடுத்ததும் வாய் நாறுகிறதென்று உடனே பிரஸ்ஸைத் தூக்குவார்கள். வேண்டாம். ஒரு தம்ளர் தண்ணியில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்துக் கொப்பளித்தால் அமிலம் அடங்கும், நாற்றமும் போகும். நெஞ்செரிவு உள்ளவர்களுக்கு மேல் முன்பற்களின் உட்பக்கம், நாக்குப் படுகிற பக்கம், வழவழவென்று தேய்ந்து மெலிந்திருக்கும். அங்கே பல்லுக்கு மட்டும் மருந்து செய்து பிரயோசனம் இல்லை, வயிற்றைப் பார்க்க வேண்டும்.

வன்னிப் பக்கத்து இன்னொரு காரணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வவுனியாவிலிருந்து தெற்கே அநுராதபுரம் வரை நீளும் உலர்வலயத்து ஆழ்கிணறுகள், குழாய்க் கிணறுகள் பலவற்றில் புளோரைட் அதிகம். உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணிக்குச் சொல்லும் மேல் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணியைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் நிலைப்பற்களில் வெள்ளைப் புள்ளியோ கபிலத் திட்டோ விழும். அது எட்டு வயதுக்குள், பல் முரசுக்குள் உருவாகும்போதே விழுந்த நிறம். வளர்ந்தவர் அந்தத் தண்ணியைக் குடிப்பதால் புதிதாகக் கறை வராது. இந்தக் கறை எனாமலுக்கு உள்ளே இருக்கிறது, மேலே படிந்தது இல்லை. இதை விளங்கிக்கொண்டால் பாதிக் கூச்சம் ஒழிந்துவிடும். ஏனென்றால் கலியாணத்துக்கு முதல் கபிலப் பல்லை வெளுப்பாக்க என்று தேசிக்காயில் உப்பும் அப்பச்சோடாவும் குழைத்துத் தேய்ப்பவர்கள், கரித்தூளோடு நிற்பவர்கள், செங்கல் தூள் வரை போகிறவர்கள் எல்லாரும் கறைக்கு மேலிருக்கிற நல்ல எனாமலைத்தான் கழற்றுகிறார்கள். கறை அப்படியே இருக்கும், கூச்சம் புதிதாக வந்து சேரும். அந்தக் கறையை மறைக்கப் பல் வைத்தியரிடம் வழி உண்டு, அடுப்படியில் இல்லை. தண்ணியைக் கொதிக்க வைத்தால் புளோரைட் போகாது. வற்றுகிற அளவுக்கு இன்னும் செறிவாகும். ஆர்ஓ வடிகட்டித் தண்ணியில் குறையும். பல்லில் கறை இருக்கிறதே என்று பெரியவர்கள் புளோரைட் பற்பசையை ஒதுக்கவும் தேவையில்லை. துப்பிவிடுகிற பற்பசை வேறு, குடிக்கிற தண்ணி வேறு.

வெத்திலை போடுகிறவர்களின் கொடுப்புப் பற்களைப் பார்த்தால் மேடு பள்ளம் இல்லாமல் தட்டையாக இருக்கும். பாக்கும் சுண்ணாம்பும் ஒட்டிய மண்ணும் சேர்ந்து அம்மியில் அரைத்த மாதிரி. எனாமல் தேய்ந்து டென்டின் தெரிந்த இடம் இன்னும் வேகமாகக் குழியும், கிண்ணம் மாதிரி. மெதுவாகத் தேய்ந்தால் பல் உள்ளே புதிய டென்டினைப் போட்டு ஈடுகட்டும், அதனால் வயதானவர்கள் பலருக்கு அவ்வளவு தேய்ந்தும் கூசாது. கூச்சம் கூடுதலாக 30 முதல் 40 வயதுக்காரருக்கு வருவதும் இதனால்தான். முரசு இறங்கத் தொடங்கியிருக்கும், குழாய்கள் இன்னும் அடைபடாமல் இருக்கும். வாய்ப் புற்றுநோய்க் கதை வேறு. வெத்திலையையும் போயிலையையும் கைவிட அது ஒன்றே போதும்.

கொட்டைப்பாக்கு, இறைச்சி எலும்பு, நண்டுக்கால், சோடா மூடி. இந்த நாலும் பல்லை வெடிக்க வைக்கிறவை. நந்திக்கடல் நண்டின் பெரிய காலைக் கடித்து உடைக்கிற சுகம் எங்களுக்கும் தெரியும், ஆனால் அதற்குத்தான் அம்மிக்குழவி இருக்கிறது. வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது. கடித்து விடும்போது வெட்டுகிற வலிதான் அடையாளம். அதை முதலே பிடித்தால் ஒரு உறை போட்டுக் காப்பாற்றலாம். வேர்வரை ஓடிவிட்டால் பல் போய்விடும். இரவில் பல் நெருமுகிறவர்களுக்கும் இதே தேய்வும் வெடிப்பும் வரும். காலையில் எழும்பும்போது கன்னத்துத் தசை நொந்தால், பக்கத்தில் படுக்கிறவரைக் கேட்டால் சொல்லுவார். அதற்கு இரவில் போடுகிற பிளாஸ்ரிக் தட்டு ஒன்று அளவெடுத்துச் செய்யலாம்.

காறை (பல்லில் கல்லாக இறுகிய படிவு) எடுத்த பிறகு கூசுகிறது, "எனாமலைச் சுரண்டிப் போட்டினம்" என்கிற முறைப்பாட்டுக்கும் ஒரு வரி. காறை வேரை மூடியிருந்தது. அதை எடுத்ததும் வீங்கியிருந்த முரசு சுருங்கி, ஏற்கனவே வெளியே வந்திருந்த வேர் தெரிகிறது. ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். காறையை அப்படியே விட்டால் முரசு இன்னும் இறங்கும், எலும்பும் கரையும். புது அடைப்புப் போட்ட பல் குளிருக்கு இரண்டு வாரம் கூசுவதும் வழமை. கடிக்கும்போது நொந்தால் அடைப்பு உயரமாக இருக்கலாம், திரும்பப் போய் உரசி விடச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

இனி பற்பசை. பெட்டியின் முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் பாருங்கள். பொற்றாசியம் நைத்திரேற்று 5 வீதம் என்றிருந்தால் அது நரம்பை அமைதிப்படுத்துகிற வகை. வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம் எடுக்கும், நிறுத்தினால் பலனும் நிற்கும். ஸ்ரனஸ் புளோரைட், ஆர்ஜினின் 8 வீதம், ஸ்ரொன்ரியம் ஆகியவை குழாய் வாயை அடைக்கிற வகை. சென்சொடைன் 1961இல் முதலில் வந்தபோது அதில் இருந்ததும் ஸ்ரொன்ரியம்தான்; இப்போது ஒரே பெயரில் பல கலவை வருவதால் பெயரை நம்பாமல் பட்டியலைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எதுவானாலும் புளோரைட் பத்து இலட்சத்தில் 1,000 முதல் 1,500 பங்கு இருப்பது நல்லது. வெளுப்பாக்கும் என்று போட்டிருக்கிற பசையைக் கூச்சம் உள்ளவர் தொட வேண்டாம், அதில் உரசுகிற தூள் கூட இருக்கலாம்.

மூன்று நாள் போட்டுவிட்டு "இது சரிவராது" என்று விட்டுவிடுவதும், விளக்கி முடித்ததும் செம்பு செம்பாகத் தண்ணி ஊற்றிக் கொப்பளிப்பதும்தான் இந்தப் பசைகள் தோற்கிற இரண்டு இடங்கள். நுரையைத் துப்புங்கள், கொப்பளிக்காதீர்கள். இரவில் படுக்க முதல் பயறு அளவு பசையை விரல் நுனியில் எடுத்து, கூசுகிற கழுத்தில் ஒரு நிமிடம் மெல்லத் தடவி, அப்படியே விட்டுப் படுங்கள். நாலு வாரம். அதற்குப் பிறகும் வினாடிக் கணக்கு குறையாவிட்டால் பசையை மாற்றிக்கொண்டிருக்காமல் பல்லைக் காட்டுங்கள்.

கராம்பெண்ணெய் மரக்க வைக்கும், குழாயை அடைக்காது. கலக்காமல் விட்டால் முரசைச் சுடும். குளிசையைப் பொடித்து முரசில் வைப்பது, சூத்தைக்குள் போயிலை அடைவது எல்லாம் புண்ணைத்தான் மிச்சம் வைக்கும். நரம்பு வீங்கிய வலிக்குப் பாமசியில் இரண்டு நாளுக்கு அன்ரிபயோற்றிக் வாங்கிப் போடுவதும் வீண். நரம்பு வீக்கத்தை அது ஆற்றாது. ஆனால் தாடைக்குக் கீழே வீங்கி, காய்ச்சலோடு, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தால் கிளினிக் நாளைப் பார்க்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

துணுக்காயிலிருந்தோ கொக்கிளாயிலிருந்தோ ஒரு பல்லுக்காகக் கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்கோ போய்வர ஒரு நாள் கூலி போகும். போகிற நாளை வீணாக்காமல் இருக்க எழுதி வைத்த துண்டைக் கொண்டு போங்கள்: எந்தப் பல், எது பட்டால், எத்தனை வினாடி, எத்தனை நாளாக, என்ன குளிசைகள் பாவிக்கிறீர்கள். பிரஷர், அலர்ஜி, மனவழுத்தக் குளிசைகள் சில உமிழ்நீரை வற்ற வைக்கும், அதையும் சொல்ல வேண்டும். "புடுங்குங்கோ" என்று தொடங்காமல், "இதை வைச்சிருக்க ஏலுமோ?" என்று கேளுங்கள். அரச ஆஸ்பத்திரியில் அதற்குக் காசும் இல்லை.

நகம் சிக்குகிற குழி என்றால் கண்ணாடி அயனோமர் வகை அடைப்பு ஒன்றால் பெரும்பாலும் ஊசியே போடாமல் மூடலாம். குழி இல்லாமல் வெறும் கழுத்துக் கூச்சம் என்றால் 5 வீத சோடியம் புளோரைட் வார்னிஷ் பூசுவார்கள், தேவைப்பட்டால் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பல் காய்ந்திருக்க வேண்டும் என்பதால் பஞ்சு வைத்து, மெல்லிய தூரிகையால் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். பூசியதும் பல் மஞ்சளாக, பிசின் ஒட்டிய மாதிரி இருக்கும். அதைச் சுரண்டவோ அன்றிரவு பல் விளக்கவோ வேண்டாம். சுடுதேத்தண்ணியும் முறுக்கும் அடுத்த நாளைக்கு. காலையில் விளக்கும்போது மஞ்சள் தானாகக் கழன்று வரும்.